தங்கத்தின் தலையணை

இது நடந்தது. ஹைதராபாத்தில், குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், ஒரு இரண்டாவது மாடி வீட்டின் படுக்கையறையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் அமாவாசையும் நாய் ஊளையும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் வெங்காய ஆட்டோ ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. அப்படிப்பட்ட வேளையில்தான் நடந்தது.

பொய்யாக இருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். இதைச் சொன்னவர் சாரங்கபாணி. பொய் சொல்ல ஒருவனுக்குக் கொஞ்சமாவது கற்பனை வேண்டும். சாரங்கபாணியிடம் அது கிடையாது. ராமச்சந்திராபுரத்தில் இயந்திரத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர். வருகிற உருப்படியை அளப்பார், மூக்கைச் சுளிப்பார், சிவப்பு பெயின்டால் குறுக்கே ஒரு கோடு போடுவார். ரிஜெக்ட். ஓய்வு பெற்ற பிறகு உருப்படிகள் வருவது நின்றுபோனதால், மனிதர் மிச்சம் இருந்த உலகத்தை ரிஜெக்ட் செய்ய ஆரம்பித்தார். காலனி சங்கத்துச் செயலாளர், மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு, எதிர் வீட்டுக் காபி, மாப்பிள்ளையின் உத்தியோகம் என்று எதுவும் தப்பவில்லை.

எல்லாவற்றையும்விட அவர் அதிகமாக ரிஜெக்ட் செய்தது மனைவி தங்கத்தின் சாஸ்திரங்களை. அதிலும் ஒன்றை. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது தங்கத்துக்கு வேதம். வெளியூர் போனால் லாட்ஜில்கூடக் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட வைத்த பிறகுதான் பையைக் கீழே வைப்பாள். கல்யாணமான புதிதிலிருந்தே சாரங்கபாணி வேண்டுமென்றே தலையணையை வடக்கே போட்டுக்கொண்டு படுப்பார்.

"பூமி என்ன, உன் தலையணையைப் பார்த்துண்டா சுத்தறது?"

தங்கம் பதில் சொல்ல மாட்டாள். தலையணையை எடுப்பாள், தெற்கே போடுவாள், விளக்கை அணைப்பாள். நாற்பது வருஷமாக அதுதான் அவள் பதில்.

மாப்பிள்ளை பிரசாத் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கம்பெனி வேலையாக மூன்று மாதம் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்தான். வரும்போது மாமனார் வீட்டுக்கு நான்கு படங்கள் வாங்கி வந்தான். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். பழைய காலத்துப் படங்களை அதே பழைய முறையில் இப்போதும் அடித்துத் தருகிற பட்டறை ஒன்று அங்கே இருக்கிறதாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. கட்டைமேல் நிறத்தைத் தடவி, காகிதத்தை வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய ஒரு வட்டத் தட்டால் கையாலேயே தேய்ப்பார்கள். பிரசாத் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். ஒரு கிழவர் மண்டியிட்டு உட்கார்ந்து காகிதத்தின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரக்... சரக்... சரக்... அந்தச் சத்தத்தைத் தவிர அதில் வேறு சத்தம் இல்லை.

நவராத்திரி வந்தது. தங்கம் கொலுவின் கீழ்ப்படியில் வருஷா வருஷம் புதிதாக ஏதாவது வைப்பாள். இந்த வருஷம் அந்த நான்கு படங்களைச் சட்டம் போட்டு நிறுத்தினாள். நான்கிலும் இருப்பவை பேய் பிசாசுகள் என்று பிரசாத் சொல்லியும் அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்த முடியுமா என்றாள்.

சாரங்கபாணி பழைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நாள் கழித்து உருப்படி வந்திருக்கிறது.

"இது என்ன, குடையா?"

"ஹவ் மாமா, ஆமா. குடைதான். ஒரு கண், ஒரு கால். நூறு வருஷம் பழசானா சாமானுக்கெல்லாம் உயிர் வந்துடும்னு அங்க ஒரு நம்பிக்கை."

"நாம வாங்கற குடை ரெண்டு மழை தாங்கறதில்லை. இது நூறு வருஷம் இருந்து நொண்டி அடிக்கப் போறதாக்கும். அடுத்தது?"

"இந்த அம்மாவுக்கு ராத்திரியானா கழுத்து மட்டும் நீண்டுண்டே போகும்."

"கழுத்தை நீட்டி அடுத்தாத்துல எட்டிப் பார்க்கறவாளைப் பார்க்க ஜப்பான் போகணுமா? நம்ம சங்கத்துல அஞ்சு பேர் இருக்கா."

மூன்றாவது படத்தில் ஒன்று நீண்ட நாக்கோடு குளியலறை மூலையில் குந்தியிருந்தது. மனிதர்கள் கழுவாமல் விட்ட அழுக்கை நக்கித் தின்னுமாம். சாரங்கபாணி இதை மட்டும் பாஸ் செய்தார். சம்பளம் கேட்காது என்றால் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான்காவதில் யாரோ போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை, கறுப்பு முடி மட்டும் தெரிந்தது. கால்மாட்டில் ஒரு குட்டி உருவம். கோவில் வாசலில் நிற்கும் துவாரபாலகரைக் குறுக்கிக் குழந்தை அளவுக்கு ஆக்கினால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு கையாலும் ஒரு சிவப்புத் தலையணையைப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு மகுரா-கயேஷின்னு பேர் மாமா. தூங்கறவங்க தலையணையைத் திருப்பிப் போட்டுடும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

சாரங்கபாணி கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். இதற்காகவா விமானம் ஏறிப் போனாய் என்று கேட்கிற பார்வை.

"இல்லை மாமா, விஷயம் இருக்கு. தூங்கும்போது ஆத்மா வெளியில சுத்தப் போயிடும், அதான் கனவுன்னு சொல்றாங்க. அது திரும்பி வர்றதுக்குள்ள யார் தலையணையைத் திருப்பினாலும் சரி, அதுக்கு வீட்டுக்கு வழி தெரியாமப் போயிடும். அப்புறம் அந்த உடம்பு சும்மா கிடக்கும். இல்லைன்னா வேற ஏதாவது வந்து உள்ள பூந்துக்கும். இன்னொண்ணு தெரியுமா? அங்கேயும் வடக்கே தலை வெக்கறது செத்தவங்களுக்கு மட்டும்தான்."

"பார்த்தேளா," என்றாள் தங்கம். "ஜப்பான்காராளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

சாரங்கபாணிக்கு அது பிடிக்கவில்லை. மறுபடியும் கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் கவிழ்ந்தார். தேடிக் கண்டுபிடித்தும் விட்டார். தலையணையின் சிவப்பு, கறுப்புக் கோட்டுக்குள் சரியாக உட்காரவில்லை. ஒரு நூல் அளவு இடது பக்கம் வெளியே வழிந்திருந்தது.

"கட்டையைச் சரியாப் பொருத்தலை. ரிஜெக்ட்," என்றார். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார்.

ஏழாம் நாள் சாயங்காலம் சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்த தங்கம் அடுப்பை அணைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அமீர்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு ஸ்டென்ட் வைத்தும் இதயம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஐ.சி.யூ.விலேயே வைத்துக்கொண்டார்கள். மகள் சாருலதா வெளியே நாற்காலியில் குடியிருந்தாள்.

சாரங்கபாணிக்குப் பயம். நல்ல பயம். தங்கம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர். நாற்பது வருஷத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகமும் வரவில்லை. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லவும் தெரியவில்லை. அதனால் ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியைத் திட்டினார்.

விஜயதசமி வந்தது. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனபோது தங்கம் கையைக் காட்டி அருகில் கூப்பிட்டாள்.

"ஏன்னா... மரப்பாச்சியைப் படுக்க வெச்சுடுங்கோ. மறந்துடாதீங்கோ."

கொலு முடிகிற ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். அத்தனை நாள் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தவர்களைத் தூங்கச் சொல்லி விடை கொடுக்கிற வழக்கம். மறுநாள் எழுப்பி எடுத்து வைப்பார்கள். தங்கத்தின் வீட்டில் படுப்பது எப்போதும் மரப்பாச்சி ஜோடிதான். அவள் அம்மா கல்யாணத்தில் கொடுத்தது.

"வடக்கே தலை வெச்சுடாதீங்கோ. எழுப்பறதை நீங்க பண்ண வேண்டாம். நான் வந்து எழுப்பறேன்."

"சரி சரி. நீ தூங்கு," என்றார் சாரங்கபாணி.

வீட்டுக்கு வந்தார். எதிர் வீட்டு அனுபமா தசராவுக்குக் கொடுக்கிற ஜம்மி இலையை, நம் வன்னி இலையைத்தான், கையில் கொடுத்து, ஆன்ட்டி எப்படியிருக்கிறார் என்று தெலுங்கில் விசாரித்தாள். இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொலுவின் முன்னால் நின்றார். மரப்பாச்சி மேல்படியில், கலசத்துக்குப் பின்னால் இருந்தது. எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காது. கையெட்டும் தூரத்தில் கீழ்ப்படியில் அந்தத் தலையணைக் குட்டி சிரித்துக்கொண்டிருந்தது.

ஏதோ ஒன்று படுத்தால் சரி. மரத்துக்கும் காகிதத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம். சாரங்கபாணி அந்தப் படத்தை எடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தார்.

"தூங்குடா ராஜா. தலையணைதான் நீயே வெச்சிண்டிருக்கியே."

தானே சிரித்துக்கொண்டார். படத்தின் மேல்பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாற்றி வைத்திருப்பாரா என்றால், மாட்டார். சாருலதாவைப் போனில் கூப்பிட்டு, "படுக்க வெச்சாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு," என்றார். வேலை முடிந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மெட்ரோவில் திரும்பினார். முனையில் குழம்பும் கூட்டும் விற்கிற கறி பாயின்டில் சாம்பார் பொட்டலம் வாங்கி வந்து சாப்பிட்டார். சாம்பாரை ரிஜெக்ட் செய்தார். படுத்தார்.

கட்டிலின் தலைமாடு தெற்குச் சுவரை ஒட்டி இருக்கும். இரண்டு தலையணை. அவருடையது பெரிய ஃபோம் தலையணை. பக்கத்தில் தங்கத்தின் இலவம்பஞ்சுத் தலையணை, மெலிசாக, நீலப்பூப் போட்ட உறையோடு.

தூக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. சரக்... சரக்... பக்கத்து வீட்டில் துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தார். கண் விழித்தபோது கடிகாரத்தில் இரண்டே முக்கால். தங்கத்தின் தலையணை கால்மாட்டில் கிடந்தது. தான்தான் உதைத்துத் தள்ளியிருக்க வேண்டும் என்று எடுத்துத் தெற்கே போட்டார்.

அதற்கடுத்த நாளும் அதே சத்தம். அதே நேரம். தலையணை மறுபடியும் கால்மாட்டில்.

இந்த முறை சாரங்கபாணி உடனே எழுந்திருக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். உதைத்த தலையணை கோணலாகக் கிடக்கும், பாதி தொங்கும். இது அப்படியில்லை. கட்டிலின் வடக்கு விளிம்புக்கு நேராக, சுருக்கமில்லாமல், ஆள் வந்து படுப்பதற்குத் தயாராகப் போட்டு வைத்ததுபோல் இருந்தது. அவருடைய தலையணை அவர் தலைக்கடியில் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

காபி போடப் போகிற வழியில் கொலுவைப் பார்த்தார். படுத்திருந்த படத்தில் தலையணையின் சிவப்பு இப்போது கோட்டுக்கு வலது பக்கம் வழிந்திருந்தது.

இடது என்று பார்த்த ஞாபகம். சாரங்கபாணி அங்கேயே நின்றார். முப்பத்து நான்கு வருஷம் இந்த ஒரு வேலையைத்தான் அவர் செய்தார். இடது வலது மாறாது.

கடைசியில் வயசாகிவிட்டது என்று முடிவு செய்தார். பேய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிடத் தன் கண்ணையே ரிஜெக்ட் செய்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசல் கதவைத் தாழிட்டார். பால்கனிக் கதவைச் சாத்தினார். படுக்கையறைக் கதவையும் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்து வெற்று அறையைப் பார்த்துப் பேசினார். கிண்டல்தான். ஆனால் சத்தமாகவே பேசினார்.

"எங்க ஊர்ல பேய்னா ரத்தம் குடிக்கும், புளியமரத்துல தொங்கும். நீ என்னடான்னா ஆளில்லாத படுக்கையில தலையணையைத் தள்ளி வெச்சிண்டிருக்கே. தலையணை நகர்த்தறதுக்கு ஒரு ஆளா? லாட்ஜ் ரூம் பாய்கூட இதைவிட ஒழுங்காப் பண்ணுவான்."

பேசி முடித்த திருப்தியோடு படுத்தார். தங்கத்தின் தலையணைமேல் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தூங்கவில்லை. அவர் அதைச் சத்தியம் செய்வார். தெருவில் வெங்காய ஆட்டோ போவது கேட்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது.

பிறகு மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை.

சரக்...

சரக்... சரக்...

பக்கத்து வீடு இல்லை. இந்த அறை. இந்தக் கட்டில். படுக்கை விரிப்பின்மேல் ஏதோ ஒன்று வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. காகிதத்தின் முதுகைத் தேய்த்த அதே சத்தம்.

கைக்கடியில் தலையணை அசைந்தது.

யாரும் இழுக்கவில்லை. அது நழுவியது. மெதுவாக... அவசரமே இல்லாமல்... விரல்களுக்குக் கீழே நழுவிப் போய்விட்டது.

கண்ணைத் திறந்தார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அறையில் யாரும் இல்லை. தலையணை கால்மாட்டில் இருந்தது. நேராக. வடக்கே.

அதன் நடுவில் ஒரு குழி.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி ஆழமானது.

ஒரு தலை அளவுக்கு.

ஸ்பிரிட் வாடை வந்தது. ஆஸ்பத்திரி வாடை.

கையை நீட்டித் தொட்டார்.

சூடாக இருந்தது...

போன் அடித்தது. இரண்டு நாற்பது. சாருலதா.

"அப்பா... அம்மாவுக்கு ஹார்ட் நின்னுடுத்துப்பா... எல்லாரும் ஓடறா. என்னை வெளியில நிறுத்திட்டா..."

சாரங்கபாணி அந்தத் தலையணையைப் பிடுங்கினார். கனத்தது. பஞ்சுத் தலையணை கனக்காது. அது கனத்தது. இரண்டு கையாலும் தூக்கித் தெற்கே வீசினார்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினார். முழங்கால் ஞாபகம் வரவில்லை. கொலுப்படியில் படுத்திருந்த படத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"எழுந்திரு," என்றார். "எழுந்திருடா. விட்டுடு அவளை."

போன் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம். ஏதோ இயந்திரம் கூவும் சத்தம். சாருலதா அழும் சத்தம். பிறகு அது நின்றது.

"அப்பா. வந்துடுத்தாம். துடிக்கறதாம்ப்பா."

சாரங்கபாணி கொலுவின் முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வாழ்க்கையில் அந்த ஒரு முறை அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

அதற்கடுத்த நாட்களில் தங்கம் மளமளவென்று தேறினாள். டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். சாரங்கபாணியும் தேறினார். பயம் போன இடத்தில் பழைய திமிர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜப்பான்காரன் பேயை ஒரே வீச்சில் விரட்டிய ஆள் நான் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தங்கத்திடம் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அவள் செய்த காரியத்தை, தலையணையை எடுத்துத் தெற்கே போடுகிற அந்தக் காரியத்தை, அவர் செய்து அவளைக் காப்பாற்றியிருக்கிறார். அதைச் சொல்லி அவளிடம் ஒரு நல்ல வார்த்தையும் பேச வேண்டும். என்ன வார்த்தை என்று மெட்ரோவில் யோசித்துக்கொண்டே போவார்.

ஸ்டூல் போட்டு ஏறி மரப்பாச்சியையும் எடுத்தார். ஜோடியாகப் படுக்க வைத்தார். தலை தெற்கே இருக்கும்படி பார்த்து வைத்தார். தங்கம் வந்து எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள் அல்லவா.

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று ஷர்மிளா என்ற நர்ஸ் மாத்திரைகளை விளக்கிச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அங்கிள், ஆன்ட்டி வீட்லயும் இப்படித்தான் படுப்பாங்களா? மூணு நாள் மத்தியானம் பார்த்தேன். தலை கால்மாட்டுல இருந்துச்சு. தலையணையோட. உடம்பு பூரா ஒயர், கையில டியூப். ஒண்ணுகூடக் கழலலை. நானே திரும்பிப் படுன்னு சொன்னாக்கூட முடியாது."

சாரங்கபாணி மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"மூணாவது நாள் ஹார்ட் நின்னப்பவும் அப்படித்தான் இருந்தாங்க. திருப்ப நேரமில்லை, அப்படியே வெச்சுத்தான் அமுக்கினோம். துடிப்பு வந்ததும் பார்த்தா தலை தலைமாட்டுல இருக்கு. நாங்க அஞ்சு பேர் சுத்தி நின்னோம் அங்கிள். யாரும் திருப்பலை."

யார் திருப்பினது என்று சாரங்கபாணிக்குத் தெரியும். ஜன்னல் வழியே மெட்ரோ பாலத்தைப் பார்த்து அந்தக் கட்டிலின் கால்மாடு எந்தத் திசை என்று கணக்குப் போட்டார். வடக்குதான். மனதுக்குள் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

பிரசாத் காரில் அழைத்து வந்தான். தங்கம் லிப்டிலிருந்து தானே நடந்து வந்தாள். கூடத்தில் கொலு இன்னும் எடுக்காமல் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனாள். சாரங்கபாணி பின்னாலேயே போனார். சொல்ல வேண்டிய வார்த்தையை மனதில் தயாராக வைத்திருந்தார்.

தங்கம் கட்டிலைப் பார்த்தாள். தன் நீலப்பூத் தலையணையை எடுத்தாள். கால்மாட்டில் வைத்தாள். சுருக்கமில்லாமல் கையால் தேய்த்துச் சரிசெய்தாள். வட்ட வட்டமாகத் தேய்த்தாள்.

சரக்... சரக்...

"தங்கம்," என்றார் சாரங்கபாணி. "அது வடக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. காலடியில் கிடக்கும் எதையோ பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு சிரித்தாள்.

"தலையணை நகர்த்தறதுக்கு ஒரு ஆளா? லாட்ஜ் ரூம் பாய்கூட இதைவிட ஒழுங்காப் பண்ணுவான்."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மூன்று கதவையும் சாத்திக்கொண்டு, ஆளில்லாத வீட்டில், சாரங்கபாணி பேசிய பேச்சு அது. அப்போது தங்கம் அமீர்பேட்டையில் இருந்தாள்.

அங்கேயே நின்றார். மாப்பிள்ளை சொன்னது அப்போதுதான் அவருக்கு முழுசாகக் காதில் விழுந்தது. ஆத்மா திரும்பி வருவதற்குள் யார் தலையணையைத் திருப்பினாலும் சரி. இதயம் நின்று அவள் வெளியே போனபோது தலை வடக்கே இருந்தது. வெளியே போனவள் திரும்பி வருவதற்குள் அதை எடுத்துத் தெற்கே வீசியது அந்தக் குட்டி இல்லை.

கூடத்துக்கு வந்து படத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. சிவப்பு, கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடதும் இல்லை, வலதும் இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத அச்சு.

அவர்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தங்கம் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். எதிர் வீட்டு அனுபமா, ஆன்ட்டி முன்னைவிடத் தெம்பாக இருக்கிறார் என்று சொல்கிறாள். சாரங்கபாணி இப்போது பகலில் படுப்பதில்லை. யாரையும் எதையும் ரிஜெக்ட் செய்வதும் இல்லை. காலனி சங்கத்துக்காரர்களுக்கு அதில் ரொம்ப நிம்மதி.

கொலுவை அவரே எடுத்துப் பெட்டிகளில் வைத்தார். மரப்பாச்சியை மட்டும் வைக்கவில்லை. அது கூடத்தில், அலமாரியின் மேல்தட்டில், தெற்கே தலை வைத்துப் படுத்திருக்கிறது. எழுப்புவது அவர் வேலை இல்லை. தான் வந்து எழுப்புவதாகத் தங்கம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் இருப்பவள் அதைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை.